பனி கொட்டாத ஊரில் ஒரு ரேடியேட்டர்

"இங்க என்ன பனியா கொட்டுது? தண்ணி ஊத்தினா போதும்."

சிங்கப்பூரில் பழைய பிக்கப்போ வேனோ வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களிடம் கூலன்ட் (எஞ்சின் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமந்துபோகும் கலவை) பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற பதில் இது. ஏர்கான் சர்வீஸ் செய்கிறவர், பந்தல் போடுகிறவர், காய்கறி ஏற்றுகிறவர் என்று யாரும் விலக்கில்லை. என் மாமாவும் இதே கட்சிதான். கூலன்ட் என்பது தண்ணீர் உறைந்துபோகிற ஊர்க்காரர்களுக்கு, நமக்குக் குழாய்த் தண்ணீரே தாராளம் என்று சொல்லிப் பல வருஷம் வண்டி ஓட்டினார். அந்த வண்டியின் ரேடியேட்டரை வீட்டிலேயே கழற்றி மாற்றினோம். உள்ளே பார்த்ததை வைத்துத் தைரியமாகச் சொல்கிறேன்: பனி கொட்டாத ஊரில் இருக்கிற நமக்குத்தான் நல்ல ரேடியேட்டரும் நல்ல கூலன்ட்டும் கட்டாயம் வேண்டும்.

வண்டி தாய்லாந்துத் தயாரிப்பு. 2.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர், பின்னால் தார்பாய் போட்ட திறந்த சரக்குத் தட்டு. மாமாவுக்குத் தேக்கா பக்கம் காய்கறிக் கடை. விடிவதற்கு முன்பே பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்துக்குப் போய், முருங்கைக்காய் கட்டும் வெங்காய மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஏஒய்இ, சிடிஇ விரைவுச்சாலைகள் வழியாகத் திரும்ப வேண்டும். சரக்கு இறங்கும்வரை வரிசையில் நின்று ஊர்ந்து போவதும் உண்டு. வண்டிக்கு வயது பதினைந்தைத் தாண்டியாயிற்று.

"ஸ்கிராப்புக்குப் போட்டுட்டுப் புதுசு எடுங்கண்ணே" என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். எடுப்பவருக்குத்தான் தெரியும். 1990இல் வந்த சிஓஇ (வண்டி வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் உரிமச் சான்று) முறைப்படி பத்து வருஷம் முடிந்ததும், வண்டி ஓட வேண்டுமானால் அந்த நேரத்துச் சராசரி விலையைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பத்து வருஷத்துக்கும் கட்டலாம், பாதி கட்டி ஐந்து வருஷத்துக்கும் எடுக்கலாம். சரக்கு வண்டிக்கு மொத்த ஆயுளே 20 வருஷம்தான் என்று சட்டம் சொல்கிறது. பத்தைத் தாண்டிய வண்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். மாமா பத்து வருஷத்துக்கே கட்டிவிட்டார். கட்டிய பணம் வண்டி ஓடினால்தான் கைக்குத் திரும்பும். எஞ்சின் சூடேறி சிலிண்டர் ஹெட் வளைந்துபோனால், காகிதத்தில் மிச்சமிருக்கும் வருஷங்களால் பயனில்லை. இவ்வளவு பெரிய தொகையைக் காப்பாற்றுவது பானெட்டுக்கு அடியில் இருக்கிற ஒரு அலுமினியச் சட்டமும் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளும்தான், அதாவது ரேடியேட்டர்.

சூட்டுக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். உள்ளே ஓடும் நீருக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை நம்பித்தான் ரேடியேட்டர் வேலை செய்கிறது. எஞ்சின் நீர் 90 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று பூஜ்யம் டிகிரியில் இருக்கும் ஊரில் வித்தியாசம் 90. நம்மூரில் பகலில் 33 டிகிரி சாதாரணம். வித்தியாசம் 57தான். அதே ரேடியேட்டர், அதே காற்றோட்டம் என்றால் இங்கே அது வெளியே தள்ளும் சூடு அங்கே தள்ளுவதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடாது. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்துக்கு அது சமம். அப்படிப்பட்ட நாளில், ஏர்கான் ஓடிக்கொண்டிருக்க, வண்டி நெரிசலில் நின்றால் நிலைமை இன்னும் மோசம். ஏர்கானின் சூட்டை வெளியே விடும் கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் நிற்கிறது. காற்று முதலில் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு, பிறகுதான் ரேடியேட்டரைத் தொடும்.

மாமா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர், கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனம் சேர்ந்த கலவையைவிடக் கெட்டி. ஆனால் தண்ணீருக்குக் கொதிநிலை குறைவு, உலோகத்தை அரிக்கும் குணமும் உண்டு. எஞ்சினுக்குள் வார்ப்பிரும்பு, அலுமினியம் எல்லாம் ஒரே நீரில் நனைந்து கிடக்கின்றன. அரிப்பைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது, குழாய்த் தண்ணீரில் இல்லை. வாட்டர் பம்ப்பின் சீலுக்கும் அதே கூலன்ட்டுதான் வழுவழுப்பு. இதெல்லாம் பனிக்காகச் செய்த ஏற்பாடு இல்லை, சூட்டுக்காகச் செய்தது.

மூடியையும் லேசாக நினைக்கக் கூடாது. ரேடியேட்டர் மூடியில் 1.1 என்றோ 108 என்றோ எண் இருக்கும். முதலாவது ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்ற கணக்கு (பார் என்ற அளவும் கிட்டத்தட்ட அதேதான்), இரண்டாவது கிலோபாஸ்கல் கணக்கு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம்தான். குக்கரின் வெயிட்டு செய்கிற அதே வேலையை இந்த மூடி செய்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும், கிளைக்கால் கலந்தால் இன்னும் மேலே போகும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காமல் போனால் ரேடியேட்டர் நன்றாக இருந்தும் வண்டி பொங்கும். புது ரேடியேட்டர் போட்டுவிட்டுப் பழைய மூடியையே திருகி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறாது.

நோய் எங்கே தெரிந்தது என்றால், உபரி நீர் நிற்கும் ரிசர்வ் டேங்கில். வாராவாரம் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. டெம்பரேச்சர் முள்ளும் நடுவிலேயே நின்றது. அந்த முள்ளை மட்டும் நம்பாதீர்கள். இப்போதைய வண்டிகளில் அது கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அது நகர ஆரம்பித்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். தரையில் ஈரம் இல்லாததற்குக் காரணம், கசிவு சூடான இடத்தில் இருந்ததுதான். கசிந்த வேகத்திலேயே ஆவியாகிவிடுகிறது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் தொட்டியில், மேல் ஹோஸ் வந்து சேரும் கழுத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்போரமாக வெள்ளையும் பழுப்புமாக ஒரு பொருக்கு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. அடியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கைப்பம்ப் டெஸ்டரை மூடி வாயில் மாட்டி ஒரு பார் வரை அழுத்தம் ஏற்றினேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அந்த இழையின் நடுவில் ஒரு முத்து நீர் திரண்டது, பெரிதானது, வழிந்தது. அடுத்த முத்து அதே இடத்தில். டெஸ்டரின் முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மாமா பக்கத்தில் நின்று பார்த்தார்.

"இம்புட்டுத்தானா? பசை போட்டு அடைச்சிரலாமே?"

"பசை நிக்காது மாமா. தினம் சூடேறிச் சூடேறி இறங்குது, பிளாஸ்டிக்கே மக்கிப்போச்சு. இங்க அடைச்சா பக்கத்துல பிளக்கும்."

செம்பு, பித்தளையில் ரேடியேட்டர் செய்த காலத்தில் ஈயம் வைத்து ஒட்டுகிற தொழிலாளிகள் இருந்தார்கள். கழற்றி, உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்து, பற்றவைத்துத் தருவார்கள். இன்றைய ரேடியேட்டரில் மையம் அலுமினியம், தொட்டி கண்ணாடி இழை கலந்த நைலான், நடுவில் ரப்பர் கேஸ்கெட், சுற்றிலும் மடித்த உலோக விளிம்பு. நைலான் காய்ந்து பிளந்தால் மாற்றுவதுதான் வழி. கசிவை அடைக்கும் பொடியை ஊற்றலாம் என்பார்கள். அது விரிசலை மட்டும் தேடிப்போய் அடைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். வயிற்றுப் பிழைப்புக்கு ஓடும் வண்டியில் அதை நான் ஊற்ற மாட்டேன்.

எங்கே வைத்து வேலை செய்வது என்பது சிங்கப்பூரில் பெரிய கேள்வி. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்க்கக் கூடாது. சிலேத்தார் ஹில்ஸில் பெரியம்மாவுக்குத் தரைவீடு இருக்கிறது. போர்ச்சில் வண்டி நிற்கும் அளவுக்கு இடம் உண்டு. டைல்ஸில் கறை படக் கூடாது என்பது பெரியம்மாவின் ஒரே நிபந்தனை. கடையிலிருந்து தக்காளிப் பெட்டி அட்டைகளைக் கொண்டுவந்து இரண்டடுக்காக விரித்தோம். கடையில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி கைக்கு உதவி.

பாகம் வாங்குவதற்கு காக்கி புக்கிட் பக்கமும் ஜாலான் புசார் பக்கமும் கடைகள் இருக்கின்றன. பழைய ரேடியேட்டரின் எண்ணையும் வண்டியின் சேசிஸ் எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். அதோடு கடைக்கார அங்கிள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பாஸ், ஆட்டோ? மேனுவல்?" கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆட்டோ கியர் வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாயும் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே துளைபட்டால் கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்து கியர்பாக்ஸே போய்விடும். எங்கள் வண்டி மேனுவல், அந்த வம்பு இல்லை. தடிமனையும் பாருங்கள். ஒரே வண்டிக்கு 16 மி.மீ. மையமும் 26 மி.மீ. மையமும் விற்பார்கள். விலை குறைகிறதே என்று மெல்லியதை வாங்கினால், மேலே சொன்ன 57 டிகிரிக் கணக்கில் மறுபடி மாட்டிக்கொள்வோம். தடித்ததையே வாங்கினேன். கூடவே மூடி, தெர்மோஸ்டாட் (சூடானதும் நீருக்கு ரேடியேட்டர் வழியைத் திறந்துவிடும் வால்வு), கேஸ்கெட், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப், கூலன்ட். எல்லாம் சேர்ந்தும் ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொகையில் பாதிக்குக் கீழேதான்.

எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பவர் முகத்தில் கொதிநீர் அடிக்கும், அதில் சமரசமே கிடையாது. காலையில் மூடியைத் திறந்து, அடியில் உள்ள பிளாஸ்டிக் வடிகுழாயைக் கையால் திருகினோம். ஸ்பேனர் போட்டால் அதுவும் உடையும். பேசினில் வந்தது துருவேறிய பழுப்புத் தண்ணீர். எந்தக் காலத்திலோ ஊற்றிய கூலன்ட்டின் நிறம்கூட மிச்சமில்லை. மாமா குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. வடிந்ததை அளந்து குறித்துக்கொண்டோம்.

ஹோஸ் பல வருஷமாகக் கழுத்தோடு ஒட்டிப்போயிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல், கிளிப்பைப் பிளையரால் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஹோஸை முறுக்கினால் விடும். விடாவிட்டால் கத்தியால் கீறிவிடலாம், எப்படியும் புதுசு போடப்போகிறோம். ஃபேனை வாட்டர் பம்ப்பில் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளை, பெல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்பே இளக்கிவிட வேண்டும். பெல்ட்டின் இறுக்கம்தான் புல்லி சுற்றாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு ஃபேனையும் அதைச் சுற்றியுள்ள கவரையும் சேர்த்தே மேலே தூக்கினோம். ஃபேனின் நடுவில் சிலிக்கான் எண்ணெய் அடைத்த கிளட்ச் இருக்கிறது. அதைப் படுக்கப் போடாமல், வண்டியில் இருந்த வாக்கிலேயே நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். கன்டென்சர் குழாய்களைத் தொடவே இல்லை. உள்ளே கேஸ் அழுத்தத்தோடு நிற்கிறது, அது வேறு ஆள் பார்க்க வேண்டிய வேலை.

ரேடியேட்டரை மேலே உருவியபோதுதான் உண்மையான சங்கதி தெரிந்தது. கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள சந்தில், கீழ்ப்பாதி முழுக்கத் தூசி கெட்டிப்பட்டுத் திரையாகப் படிந்திருந்தது. விரலால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் துணிபோல் உரிந்து வந்தது. புகைக்கரி, மண், லாலாங் புல்லின் பஞ்சு, பூச்சிகளின் சிறகு, ஒரு மாவிலைத் துண்டு, சிவப்புப் பிளாஸ்டிக் பையின் கிழிசல். கன்டென்சர் முன்னால் மறைத்து நிற்பதால் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. பாதி ரேடியேட்டருக்குக் காற்றே போகாமல் எத்தனை வருஷம் ஓடியிருக்கிறது என்று நினைக்கவே வருத்தமாக இருந்தது.

"அண்ணே, இது மூச்சு முட்டியே ஓடிருக்குண்ணே" என்றார் தம்பி. அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கு வராது.

கன்டென்சரைத் தோட்டத்துக் குழாயால், மெல்லிய நீரில், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கழுவினோம். அழுக்கு வந்த வழியே போகட்டும். ஜெட் அடித்தால் அதன் தகடுகள் மடங்கிவிடும். பழையதையும் புதியதையும் அட்டைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துக் கழுத்தின் விட்டம், போல்ட் துளைகள், அடிக்கால்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டோம். அடியில் உள்ள ரப்பர் மெத்தைகள் பழைய ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அவற்றைக் கழற்றிப் புதியதில் போட மறக்கக் கூடாது. அவை இல்லாமல் மாட்டினால் அதிர்வு நேராகத் தொட்டியில் இறங்கும்.

தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் ஒரு பழைய டின்னில் தண்ணீர் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். தெர்மாமீட்டர் 80ஐத் தாண்டியதும் புதியது மெதுவாக வாயைத் திறந்தது, முழுதாகத் திறந்து நின்றது. பழையது அதே தண்ணீரில் கால்வாசி திறந்து அப்படியே நின்றுவிட்டது. ரேடியேட்டரை மட்டும் மாற்றியிருந்தால் இந்தக் குற்றவாளி உள்ளேயே இருந்திருக்கும். அதன் விளிம்பில் ஒரு சிறு துளையில் ஆடும் ஊசி இருக்கும். அது மேல்பக்கமாக வரும்படி மாட்ட வேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

எல்லாவற்றையும் மாட்டி, முதலில் வெறும் தண்ணீர் விட்டு ஓட்டி வடித்தோம். தெளிந்து வரும்வரை திரும்பத் திரும்ப. கடைசித் தடவை டிஸ்டில்டு வாட்டர். எவ்வளவு வடித்தாலும் எஞ்சின் பிளாக்குக்குள் கொஞ்சம் நீர் தங்கியே தீரும். அதனால் கலந்து வைத்த கூலன்ட்டை ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். வண்டியின் கையேட்டில் சொன்ன மொத்தக் கொள்ளளவில் பாதியை அடர் கூலன்ட்டாக முதலில் ஊற்றி, மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினோம். நம்மூருக்கு 30 முதல் 50 விழுக்காடு கிளைக்கால் போதும். அதற்குக் கீழே போனால் அரிப்புத் தடுப்பு மருந்து போதாது. பாட்டிலின் நிறத்தை வைத்து வாங்காதீர்கள். சிவப்பு, பச்சை எல்லாம் சாயம்தான், உள்ளிருக்கும் மருந்து கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஜப்பானிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் சிலிக்கேட் இல்லாத, பாஸ்பேட் உள்ள வகை. பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நிரப்புவதில் அவசரம் ஆகாது. மெல்லிய தாரையாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டோம். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. மூடி இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டோம். குளிர்நாட்டு வீடியோக்களில் ஹீட்டரைத் திறந்து வை என்பார்கள். எங்கள் வண்டியில் ஹீட்டரே கிடையாது. மேல் ஹோஸ் சூடேறியது, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தது. ஒரு கட்டத்தில் வாயில் தெரிந்த நீர்மட்டம் திடீரென்று கீழே இறங்கியது, கீழ் ஹோஸும் கைக்குச் சூடானது. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. மட்டத்தை நிரப்பி மூடியைப் போட்டோம். மறுநாள் காலை ஆறிய பிறகு பார்த்தபோது ரிசர்வ் டேங்க் கொஞ்சம் இறங்கியிருந்தது. அது கசிவு இல்லை, மிச்சக் காற்று போன இடத்தை நீர் நிரப்பியது. மேல்கோடு வரை ஊற்றி, டேங்கில் பேனாவால் ஒரு கோடு போட்டேன்.

வடித்த தண்ணீரை என்ன செய்வது? தம்பி வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல் சாக்கடைப் பக்கம் போனார், நிறுத்திவிட்டேன். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. தெருவோர வடிகாலில் ஓடுவது நீர்த்தேக்கத்துக்குப் போய், மறுபடி நம் குழாயில்தான் வரும். கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். பூனையோ நாயோ நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். கடைசித் துளிவரை பழைய கேன்களில் அடைத்து, கழிவெண்ணெய் எடுக்க ஆள் வரும் ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவைத்துக் கொடுத்தோம். பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டிகளை உடைத்து எடுத்துவிட்டு, அலுமினிய மையத்தைக் காராங்குனிக்காரரிடம் (பழைய சாமான் வாங்குகிறவர்) போட்டோம்.

வண்டி இப்போது வழக்கம்போல் பாசிர் பாஞ்சாங் போய் வருகிறது. ரிசர்வ் டேங்கில் நீர்மட்டம் பேனாக் கோட்டிலேயே நிற்கிறது. மாமா ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார், அதை எடுத்துவிட்டுக் கலந்த கூலன்ட் பாட்டிலை வைத்திருக்கிறேன். கழுவும்போதெல்லாம் கன்டென்சர் சந்தில் டார்ச் அடித்துப் பார்க்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், அவர் சொல்லாமலே செய்கிறார். அடுத்து வாட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சிறு துளை இருக்கிறது, உள்ளே சீல் கெட்டால் அதன் வழியாகத்தான் முதல் ஈரம் தெரியும். இப்போதைக்குக் காய்ந்தே இருக்கிறது. ஈரம் கண்டால் பம்ப்பையும் அதே போர்ச்சில் வைத்துத்தான் மாற்றுவோம், அட்டைகளைப் பெரியம்மா மடித்து எடுத்து வைத்திருக்கிறார்.